மோட்டாருக்குள் போகும் மின்சாரம் எங்கே தொலைகிறது?

உலகில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் மின்மோட்டார்களைச் சுழற்றவே செலவாகிறது. தொழிற்சாலைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பங்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு. தண்ணீர் ஏற்றும் பம்ப், காற்றைத் தள்ளும் ஃபேன், கம்ப்ரசர், கன்வேயர், அரவை இயந்திரம் என்று எதை எடுத்தாலும் அதைச் சுழற்றுவது ஒரு மோட்டார்தான். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது என்றதும் விளக்கும் ஏசியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஆலையின் மின்கட்டணத்தைத் தீர்மானிப்பவை, ஏதோ ஒரு மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த மோட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். 15 கிலோவாட் மோட்டார் ஒன்று முழுச் சுமையில் வருடத்துக்கு 6,000 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய ரக மோட்டார் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,01,000 யூனிட் இழுக்கும். பத்து வருடத்தில் பத்து லட்சம் யூனிட்டைத் தாண்டிவிடும். இப்படி இடைவிடாமல் ஓடும் மோட்டாரில், வாங்கிய விலையையும் இடையில் பேரிங் மாற்றிய செலவையும் சேர்த்துப் பார்த்தாலும், ஆயுள் முழுவதும் ஆகும் மொத்தச் செலவில் அது சில சதவீதம்தான். மீதி எல்லாம் மின்சாரம். ஆனால் வாங்கும் நேரத்தில் பேரம் முழுக்க அந்தச் சில சதவீதத்தைச் சுற்றியே நடக்கிறது. இது மாற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கான காரணம்.

செயல்திறன்: ஒரு எளிய வகுத்தல்

ஷாஃப்டில், அதாவது மோட்டாரின் சுழலும் தண்டில், வெளியே கிடைக்கும் சக்தியை, மோட்டார் உள்ளே இழுக்கும் மின்சக்தியால் வகுத்தால் செயல்திறன் வந்துவிடும். இதில் புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் விவரத் தகடான நேம் பிளேட்டில் 15 கிலோவாட் என்று எழுதியிருப்பது, மோட்டார் ஷாஃப்டில் கொடுக்கக்கூடிய சக்தியின் அளவு. உள்ளே இழுப்பது அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். அதேபோல, 15 கிலோவாட் மோட்டார் எப்போதும் 15 கிலோவாட் கொடுத்துக்கொண்டே இருக்காது. அதோடு இணைத்திருக்கும் பம்போ ஃபேனோ 6 கிலோவாட் கேட்டால், மோட்டார் அந்த 6 கிலோவாட்டையும் தன் இழப்பையும் சேர்த்து மட்டுமே மின்சாரம் இழுக்கும். எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது சுமைதான், மோட்டார் இல்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயங்கள் தானாகவே புரிந்துவிடும்.

செயல்திறன் சதவீதத்தைவிட இழப்பைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஒரு 15 கிலோவாட் மோட்டாரின் செயல்திறன் 88.7 சதவீதம், இன்னொன்றின் செயல்திறன் 92.1 சதவீதம் என்று சொன்னால், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். இழப்பாக மாற்றிப் பாருங்கள். முதல் மோட்டார் 1.9 கிலோவாட்டை வெப்பமாக வீணடிக்கிறது. இரண்டாவது 1.3 கிலோவாட்டைத்தான் வீணடிக்கிறது. வீணாவதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! வருடம் 6,000 மணி நேரம் ஓடினால் இது 3,700 யூனிட்டுக்கு மேல் மிச்சம். அதே மோட்டார் வருடத்தில் 500 மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் மிச்சம் 300 யூனிட் அளவில் நின்றுவிடும். ஆக, எந்த மோட்டாரை முதலில் மாற்றுவது என்ற கேள்விக்கு விடை, அது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

இழப்பு குறைவது மின்கட்டணத்துக்கு மட்டும் நல்லதில்லை. இழப்பு முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. வைண்டிங்கின் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளின்) சூடு 10 டிகிரி கூடினால் அதன் இன்சுலேஷனின் (மின்காப்பின்) ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் காலங்காலமாகச் சொல்லும் தோராயக் கணக்கு. குளிர்ச்சியாக ஓடும் மோட்டார் நீண்ட நாள் உழைக்கும்.

அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?

தொழிற்சாலைகளில் மிகப் பெரும்பான்மையாக இருப்பது மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். சுழலும் காந்தப்புலம் என்ற யோசனையை 1888இல் இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியாக வெளியிட்டார்கள். அடுத்த வருடமே மிகைல் டொலிவோ-டொப்ரோவோல்ஸ்கி, கூண்டு வடிவ ரோட்டார் (உள்ளே சுழலும் பகுதி) கொண்ட மூன்று ஃபேஸ் மோட்டாரை உருவாக்கினார். அடிப்படையில் இன்றும் நாம் பயன்படுத்துவது அதைத்தான். அவ்வளவு சரியாக அமைந்த வடிவமைப்பு அது.

வெளியே அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரின் செம்புக் காயில்களில் மின்சாரம் பாயும்போது, சுழலும் காந்தப்புலம் ஒன்று உருவாகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், நான்கு துருவ மோட்டாரில், அந்தப் புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். உள்ளே இருக்கும் ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். ஆனால் ஒருபோதும் பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டாரில் மின்னோட்டம் தூண்டப்படாது, இழுவிசையும் இருக்காது. அதனால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே சுற்றும். இந்தப் பின்தங்கலுக்கு ‘ஸ்லிப்’ என்று பெயர்.

ஸ்லிப்பில் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. ரோட்டார் 1,450 சுற்று வேகத்தில் ஓடினால் 50 சுற்று பின்தங்குகிறது. அது 1,500இல் 3.3 சதவீதம். ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவே உள்ள காற்று இடைவெளியைத் தாண்டி ரோட்டாருக்குப் போகும் சக்தியில் சரியாக அதே 3.3 சதவீதம் ரோட்டார் கம்பிகளில் வெப்பமாகப் போய்விடும். வேகத்தை அளந்தாலே ரோட்டார் இழப்பின் பங்கு கையில் கிடைத்துவிடுகிறது. நேம் பிளேட்டில் 1,480 என்று இருக்கும் மோட்டார், 1,440 என்று இருக்கும் மோட்டாரைவிட ரோட்டாரில் குறைவாக இழக்கிறது என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

மற்ற இழப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட்டர் காயிலின் மின்தடையால் வரும் வெப்பம்தான் பெரும்பாலான மோட்டார்களில் முதலிடம் பிடிக்கும் இழப்பு. இது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: கரண்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. அடுத்தது இரும்பு இழப்பு. ஸ்டேட்டரின் இரும்பு நொடிக்கு 50 முறை காந்தத் திசை மாறி மாறி மீள்வதால் சூடாகிறது. இதைக் குறைக்கத்தான் இரும்பை ஒரே கட்டியாகப் போடாமல், சிலிக்கான் கலந்த மெல்லிய தகடுகளாக வெட்டி, ஒன்றுக்கொன்று காப்புப் பூசி அடுக்குகிறார்கள். அப்புறம் பேரிங் உராய்வும் பின்னால் இருக்கும் குளிர்விக்கும் விசிறி காற்றைக் கடைவதும். கடைசியாக, காந்தப்புலம் ஒழுங்கில்லாமல் சிதறுவதால் சுமையோடு கூடும் சில்லறை இழப்புகள். சில்லறை என்று பெயரே தவிர, பழைய மோட்டார்களில் மொத்த இழப்பில் பத்தில் ஒரு பங்கு வரைகூட இது போகும்.

உயர் செயல்திறன் மோட்டாரில் மந்திரம் எதுவும் கிடையாது. ஸ்டேட்டரில் செம்பு அதிகம். தகடுகள் மெல்லியவை, தரமானவை. இரும்பு அடுக்கு நீளம். ரோட்டார் கம்பிகள் தடிமனானவை. வெப்பம் குறைவதால் விசிறியையும் சிறியதாக வைக்க முடிகிறது, அதிலும் கொஞ்சம் மிச்சம். விலை கூடுவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் இந்தக் கூடுதல் உலோகம்தான். உயர்ந்த ரக மோட்டாரைத் தூக்கிப் பார்த்தாலே பொதுவாக எடை வித்தியாசம் தெரியும்.

நேம் பிளேட்டில் ஐ.இ. என்று போட்டிருக்கிறதே

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2008இல் மோட்டார்களின் செயல்திறனுக்கு ஐ.இ. (இன்டர்நேஷனல் எஃபிஷியன்சி) என்ற பொதுத் தரவரிசையைக் கொண்டுவந்தது. ஐ.இ.1 சாதாரண ரகம். ஐ.இ.2 உயர் ரகம். ஐ.இ.3 அதற்கும் மேல். 2014இல் வந்த திருத்தத்தில் ஐ.இ.4 சேர்ந்தது. முன்னே சொன்ன 88.7 சதவீதம், 15 கிலோவாட் நான்கு துருவ மோட்டாருக்கு ஐ.இ.1இன் அளவு. 92.1 என்பது ஐ.இ.3. ஐ.இ.4 என்றால் 93.9. இந்தத் தரவரிசை பல நாடுகளில் சட்டமாகவே ஆகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூலையிலிருந்து 75 முதல் 200 கிலோவாட் வரையிலான பெரும்பாலான மோட்டார்கள் ஐ.இ.4ஆக இருந்தால்தான் சந்தைக்கே வர முடியும்.

மோட்டார் சிறிதாக ஆக ஆக ரகங்களுக்கு இடையிலான இடைவெளி பெரிதாகும். 0.75 கிலோவாட் மோட்டாரில் ஐ.இ.1 என்றால் 72.1 சதவீதம், ஐ.இ.3 என்றால் 82.5. பத்துப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம். 110 கிலோவாட்டில் 93.3க்கும் 95.4க்கும் இடையே இரண்டே புள்ளி. இதைப் பார்த்துவிட்டுச் சிறியவற்றை முதலில் மாற்றப் போய்விடாதீர்கள். முழுச் சுமையில் அந்தச் சிறிய மோட்டாரில் மிச்சமாவது 0.13 கிலோவாட். பெரியதில் மிச்சமாவது 2.6 கிலோவாட், கிட்டத்தட்ட இருபது மடங்கு.

ஐ.இ.4க்கு மேலே போகும்போது பல தயாரிப்பாளர்கள் இண்டக்‌ஷன் மோட்டாரையே விட்டுவிடுகிறார்கள். ரோட்டாரில் நிரந்தரக் காந்தம் வைத்தால் அங்கே மின்னோட்டம் தூண்ட வேண்டிய தேவையே இல்லை. ஸ்லிப் இல்லை, ஸ்லிப்பால் வரும் இழப்பும் இல்லை. இன்னொரு வழி சிங்க்ரனஸ் ரிலக்டன்ஸ் மோட்டார். அதில் காந்தமும் கிடையாது, ரோட்டார் கம்பியும் கிடையாது. வெட்டு விழுந்த இரும்புத் தகடுகளின் வடிவமே ரோட்டாரைப் புலத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இவை இரண்டையும் ஓட்டப் பெரும்பாலும் ஒரு டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி, தேவைப்படும்.

புது மோட்டார் போட்டும் கட்டணம் குறையவில்லை!

இந்தப் புகார் பல ஆலைகளில் வருவது. மோட்டார் தரம் குறைந்தது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரம் காரணம் வேறு.

உயர் ரக மோட்டாருக்கு ஸ்லிப் குறைவு என்று பார்த்தோம். பழையது 1,440 சுற்றில் ஓடியது, புதியது 1,470இல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 2 சதவீதம்தான் கூடியிருக்கிறது. ஆனால் சென்ட்ரிஃபியூகல் பம்பும் (தண்ணீரைச் சுழற்றி வெளியே தள்ளும் பம்ப்) ஃபேனும் கேட்கும் சக்தி வேகத்தின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 1,470ஐ 1,440ஆல் வகுத்து, அந்த விடையின் மூன்றாம் அடுக்கைக் கண்டு பாருங்கள்: 1.064. சுமையே 6.4 சதவீதம் அதிகம் கேட்க ஆரம்பித்துவிட்டது. நம் 15 கிலோவாட் மோட்டாரில் ஐ.இ.1இலிருந்து ஐ.இ.3க்கு மாறியதில் மிச்சமானது 4 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தை முழுதாக விழுங்கி, மேலே கொஞ்சம் சேர்த்தும் இழுக்கிறது பம்ப். தொட்டி நிறைந்ததும் நின்றுவிடும் பம்ப் என்றால் கொஞ்சம் சீக்கிரம் நின்று ஓரளவு ஈடுகட்டும். இடைவிடாமல் ஓடும் ஃபேனில் அந்த ஈடும் கிடையாது. பெல்ட்டில் ஓடுவது என்றால் புல்லி அளவை மாற்ற வேண்டும், பம்ப் என்றால் உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லரைக் கொஞ்சம் கடைந்து குறைக்க வேண்டும். மோட்டார் மாற்றும்போது வேகத்தையும் ஒப்பிடுங்கள் என்று விற்பவர்களே சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. உயர் ரக மோட்டார்கள் சில, ஸ்டார்ட் ஆகும்போது பழையதைவிட அதிக கரண்ட் இழுக்கும். பழைய பிரேக்கர் அப்படியே இருந்தால் டிரிப் ஆகலாம். மாற்றுவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மோட்டாருக்கு அப்பால்தான் பெரிய மிச்சம்

அதே மூன்றாம் அடுக்கு விதி எதிர்த்திசையில் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ஃபேனின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது கேட்கும் சக்தி 51 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான். எந்த ஐ.இ. ரகமும் இவ்வளவு மிச்சம் பிடித்துத் தர முடியாது.

ஆனால் நடப்பது என்ன? பம்ப் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கப்படுகிறது. தண்ணீர் அதிகமாக வருகிறது. வால்வைப் பாதி மூடிவிடுகிறார்கள். மோட்டார் பாடுபட்டு உருவாக்கிய அழுத்தத்தை வால்வு உட்கார்ந்து தின்கிறது. ஒரு உதாரணத்துக்கு 100 யூனிட் மின்சாரம் உள்ளே போகிறது என்போம். மோட்டார் 90ஐ வெளியே தருகிறது. பம்பின் செயல்திறன் 70 சதவீதம் என்றால் 63 மிஞ்சும். பாதி மூடிய வால்வு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றால் 42. குறுகலான, வளைவுகள் நிறைந்த குழாய் இன்னும் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால், கடைசியில் உருப்படியான வேலைக்குப் போவது 29 யூனிட். இந்தச் சங்கிலியில் மோட்டார் இழந்தது 10 மட்டுமே. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். குழாயின் கடைசியில் 1 யூனிட் வேலையைக் குறைத்தால் மீட்டரில் 3.4 யூனிட் குறையும். அதனால்தான் சீர்திருத்தத்தைக் குழாயின் முனையிலிருந்து பின்னோக்கித் தொடங்கச் சொல்கிறார்கள். கம்ப்ரசர் லைனில் காற்றுக் கசிவு இருக்கும்போது புது கம்ப்ரசர் மோட்டார் வாங்குவதில் அர்த்தமில்லை. கசிவை அடைத்துவிடுங்கள் முதலில்.

வேகத்தைக் குறைக்க உதவும் கருவி வி.எஃப்.டி., பேச்சுவழக்கில் டிரைவ். மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றுவது இதன் வேலை. தேவை ஏறி இறங்கும் பம்ப், ஃபேன்களுக்கு இது அருமையான கருவி. எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. டிரைவே 2 முதல் 4 சதவீதம் வரை தின்னும், அதனால் எப்போதும் முழு வேகத்தில் முழுச் சுமையோடு ஓடும் மோட்டாருக்கு டிரைவ் வைத்தால் நஷ்டம்தான். கன்வேயர் போன்றவற்றில் மூன்றாம் அடுக்கு விதி இல்லை, வேகம் பாதியானால் சக்தியும் பாதிதான் ஆகும். உயரமான தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பிலும் இந்த விதி முழுதாகப் பலிக்காது. உயரத்துக்குத் தேவையான அழுத்தம் வேகத்தைக் குறைத்தாலும் குறையாது, ஒரு எல்லைக்குக் கீழே தண்ணீரே ஏறாமல் போய்விடும். அப்புறம், மிகக் குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகச் சுற்றும் என்பதால் சூடு கூடும்.

அளக்காமல் முடிவெடுக்க வேண்டாம்

தேவைக்கு மேல் பெரிய மோட்டார் போட்டால் செயல்திறன் படுத்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. நல்ல மோட்டாரின் செயல்திறன் முழுச் சுமையிலிருந்து பாதிச் சுமை வரை பெரிதாக மாறாது. முக்கால் சுமையில்தான் பல மோட்டார்கள் உச்சத்தில் இருக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே போகும்போதுதான் வேகமாகச் சரியும். அதற்கு முன்பே சரிவது பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போகிறது என்று காட்டும் அளவு.

பவர் ஃபேக்டரைச் சரிசெய்ய கெப்பாசிட்டர் வைப்பார்கள். வைக்க வேண்டியதுதான். அதனால் கேபிளிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் கரண்ட் குறையும், பவர் ஃபேக்டருக்கு அபராதம் போடும் இடங்களில் அதுவும் நிற்கும். ஆனால் மோட்டாருக்கு உள்ளே நடக்கும் இழப்பை அது குறைக்காது. கெப்பாசிட்டரை ஒரு பெட்டியில் அடைத்து, மோட்டாரின் மின்செலவைப் பெருமளவு குறைக்கும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

குறைந்த சுமையில் பவர் ஃபேக்டர் சரிவதால், கம்பியைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து மட்டும் சுமையைக் கணித்துவிட முடியாது. சுமையே இல்லாமல் சும்மா சுற்றும் மோட்டாரும் முழுச்சுமைக் கரண்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழுக்கும். பெரும்பாலும் அது காந்தப்புலத்தை உருவாக்கப் போகும் கரண்ட். கிலோவாட் காட்டும் பவர் மீட்டரால் அளந்தால்தான் உண்மை தெரியும். அளக்கும்போதே மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வோல்டேஜில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு, கரண்டில் 6 முதல் 10 சதவீத ஏற்றத்தாழ்வாகப் பெருகலாம். அதுவும் வெப்பமாகத்தான் முடியும்.

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா என்பது எல்லா ஆலைகளிலும் வரும் கேள்வி. முறையாக ரீவைண்டிங் செய்தால் செயல்திறன் குறையாமல் காப்பாற்ற முடியும். பழைய காயிலை எடுக்க நெருப்பைக் காட்டி ஸ்டேட்டரைத் தாறுமாறாகச் சூடாக்கினால்தான் கேடு. தகடுகளுக்கு நடுவே உள்ள காப்பு கருகி, இரும்பு இழப்பு நிரந்தரமாகக் கூடிவிடும். கையில் கிடைத்த மெல்லிய கம்பியைச் சுற்றினால் செம்பு இழப்பும் கூடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, மோட்டாரும் ஓடும். அதனால் ரீவைண்டிங் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அடுப்பு வைத்திருக்கிறார்களா, பழைய கம்பியின் தடிமனையும் சுற்றுகளையும் குறித்துவைத்து அப்படியே கட்டுகிறார்களா, இரும்பு அடுக்கை முன்னும் பின்னும் சோதிக்கிறார்களா என்று கேளுங்கள்.

மோட்டார் எரிந்து உற்பத்தி நின்றிருக்கும் நேரத்தில் இதையெல்லாம் யோசிக்க யாருக்கும் பொழுதிருக்காது. கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுவார்கள், அது அடுத்த பதினைந்து வருடம் ஓடும். எனவே எல்லா மோட்டார்களும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டியல் போடுங்கள்: கிலோவாட், நேம் பிளேட் வேகம், வருடத்துக்கு ஓடும் மணி நேரம், அளந்த சுமை, இதுவரை எத்தனை முறை காயில் கட்டியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது எரிந்தால் ரீவைண்டிங்கா, புது ஐ.இ.3ஆ, ஐ.இ.4ஆ, அல்லது இன்னும் சிறிய மோட்டாரே போதுமா என்று இப்போதே எழுதிவையுங்கள். அதிக மணி நேரம் ஓடுபவற்றுக்கு மாற்று மோட்டாரை முன்கூட்டியே வாங்கி ஸ்டோரில் வைத்துவிடலாம்.